லீப் வருஷத்து கோல்

எவால்ட் பிஸ்கோர்ஸ் என் கடைக்கு வந்தால் உடனே பேசமாட்டார். ஜன்னல் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, வலது முழங்காலை லேசாக மடித்து, நீளமாக ஒரு பெருமூச்சு விடுவார். அது முடிந்த பிறகுதான் வணக்கம் வரும். அதற்குள் நான் பீர் பாட்டிலைத் திறந்து வைத்திருப்பேன். இந்தப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து கிழவியாகிவிட்டேன். யாருக்கு என்ன வேண்டும் என்று தினமும் கேட்டு வாய் வலிக்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா?

எங்கள் ஊர் ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஹெர்னேவுக்கும் போட்ராப்புக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தக் கரியைச் சுட்டு கோக் எடுக்கும் உலையையும் மூடிவிட்டார்கள். போன வருடம் தபால் நிலையத்தையும் மூடினார்கள். பச்சை வெள்ளைக் கால்பந்துச் சங்கத்தை மட்டும் மூட யாருக்கும் மனசு வரவில்லை. அது ஐந்தாம் பிரிவில் நொண்டிக்கொண்டிருக்கிறது. எழுபதுகளில் அதே சங்கம் ஒரே ஒரு வருடம் முதல் பிரிவில், பண்டெஸ்லிகாவில் ஆடியது. ஆடியது என்றால் அடி வாங்கியது. அந்த வருடம் எவால்ட் எங்கள் மாற்று ஆட்டக்காரர்.

அவர் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். எவால்ட் பதினைந்து வயதில் கோக் உலைக்குப் போனார். காலையில் உலை, மாலையில் பந்து. பெரிய திறமை என்று சொல்லமுடியாது, ஆனால் ஓடுவார். மழையோ சேறோ, போதும் நிறுத்து என்று சொன்னாலும் ஓடுவார். ஒரு நவம்பர் சனிக்கிழமை, கடலோரத்திலிருந்து வந்த அணியோடு ஆட்டம். முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது இவரை இறக்கினார்கள். ஒரு பந்து வந்தது, உதைத்தார், உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த வருடம் நாங்கள் ஜெயித்த சொற்ப ஆட்டங்களில் அது ஒன்று.

அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. சங்கம் கீழே இறங்கிற்று. எவால்ட் ட்ராம் ஓட்டப் போய், ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார். மனைவி மெக்டில்ட் நான்கு குளிர்காலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். மகள் தெற்கே பவேரியாவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு போன் செய்வாள். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எவால்ட் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "ஓடுது."

இவருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் டெட்லெஃப். என் கடையில் கடனுக்கு பீர் குடிக்கும் ஆட்களில் அவன்தான் வாயாடி. ஒருநாள் பண்டெஸ்லிகாவில் இதுவரை கோல் அடித்த எல்லாருடைய பட்டியலும் உள்ள தடிப்புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். உச்சியில் இருப்பவர் அடித்தது முன்னூற்று அறுபத்தைந்து. அந்தப் பெயர் எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. அடியில், ஒரே ஒரு கோல் அடித்தவர்களின் பெருங்கூட்டம். அதற்குள் நசுங்கிக்கொண்டு எங்கள் எவால்ட்.

"கேளுங்கப்பா!" என்றான் டெட்லெஃப். "மேல இருக்கறவரு முன்னூத்தி அறுபத்தஞ்சு. நாளைக்கு ஒண்ணுன்னு ஒரு வருஷம் பூரா அடிச்சாச்சு. அவரு விட்டுவச்ச பிப்ரவரி இருபத்தொம்பதை யாரு அடிச்சது? நம்ம எவால்டுதான்!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எவால்டும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் 'லீப் வருஷம்' ஆகிவிட்டார். "லீப் வருஷம் வந்துட்டாருடோய்!", "என்ன லீப்பு, முட்டி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தது நிற்கவேயில்லை. ரொட்டிக் கடைக்காரியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். முதல் வருடம் சிரித்தவர் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார், கோபமும் படமாட்டார். கோபப்படவும் தெம்பு வேண்டுமில்லையா?

போன வசந்தத்தில் ஒருநாள், கடையில் யாரும் இல்லாதபோது, அவராகவே வாயைத் திறந்தார்.

"ரோஸி, இப்பல்லாம் கோல் போட்டா பேரைக் கத்துறாங்களே, பாத்திருக்கியா?"

பார்க்காமல் என்ன? கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் மைக்கில் ஆட்டக்காரரின் முதல் பெயரை மட்டும் சொல்வார். குடும்பப் பெயரைக் கூட்டம் கத்த வேண்டும். இப்படி மூன்று முறை. கடைசியில் அவர் "நன்றி!" என்பார், மைதானமே "இருக்கட்டும்!" என்று கத்தும். நாட்டில் பாதி மைதானங்களில் இந்தக் கூத்து உண்டு.

"எங்க காலத்துல அதெல்லாம் இல்ல" என்றார் எவால்ட். "ட்ராம் லேட்டுன்னு சொல்ற மாதிரி என் பேரை வாசிச்சான். மெக்டில்டுக்கு அன்னிக்கு லாண்டரில வேலை, அவளும் பாக்கல. ஒரே ஒரு தடவை என் பேரை ஜனம் கத்திக் கேக்கணும் ரோஸி. அதுக்கப்புறம் என்னை என்ன வேணாலும் கூப்பிட்டுக்கட்டும்."

இதைக் கேட்டுவிட்டு சும்மா இருப்பேனா? அது சங்கத்தின் நூறாவது ஆண்டு. செயலாளரைப் பிடித்து நச்சரித்து, விழா ஆட்டத்துக்கு முன் எவால்டை மைதானத்தில் நிறுத்தி அந்த கோலை மறுபடி அறிவிப்பதாகச் சம்மதிக்க வைத்தேன். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று எவால்ட் இரண்டாவது பீர் கேட்டார்.

நல்லது நடந்தால் விதிக்குப் பொறுக்காதே! விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரோ ஒருவருடைய மச்சான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எடுத்த பழைய பிலிம் சுருள் அகப்பட்டது. போட்டுப் பார்த்தார்கள். எவால்ட் உதைக்கிறார். பந்து வெளியே போவது போல இருக்கிறது. தடுப்பாட்டக்காரர் ஒருவரின் காலருகே திரும்பி உள்ளே போகிறது. காலில் பட்டதா, சேற்றில் பட்டுத் திரும்பியதா என்று தெரியவில்லை, படம் அவ்வளவு மங்கல். பட்டிருந்தால் அது எவால்டின் கோல் இல்லை, எதிராளி போட்ட சேம் சைடு கோல். செயலாளர் அந்தத் தடுப்பாட்டக்காரரையே போனில் பிடித்துக் கேட்டிருக்கிறார். ஃபோல்க்மார் ஆலர்ஸ் என்று பெயர். "நேர்ல வந்து மைக்லயே சொல்றேன்" என்றாராம் அந்த மனுஷன்.

விழா சனிக்கிழமையன்று மதியம், நெட்டையான, கூன் விழுந்த ஒருவர் என் ஜன்னலில் காபி கேட்டார். பேச்சில் வடக்கு வாடை. பக்கத்தில் எவால்ட், இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"பிஸ்கோர்ஸ்" என்றார் வந்தவர்.

எவால்ட் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. "ஆலர்ஸா? நீ இன்னும் சாகலையா?"

"நீ மட்டும் என்னவாம்?"

இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆலர்ஸ் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"என் குதிகால்ல பட்டுச்சு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றார் எவால்ட்.

அட கடவுளே, இவருக்குத் தெரியுமாம்!

"உன் பேரை வாசிச்சாங்க. அப்பாடான்னு நான் வாயை மூடிக்கிட்டேன்" என்றார் ஆலர்ஸ். "சேம் சைடு போட்டவன்னு ஊர் சிரிக்கும்ல? இத்தனை வருஷமா உன் கோலுக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கேன்யா. இதயத்துல ஆபரேஷன் பண்ணிட்டாங்க. போகும்போது இதையும் சுமந்துட்டுப் போகணுமா? சொல்லித் தொலைச்சா நிம்மதி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, ஐம்பது வருஷம் மூடின வாயை இன்னும் ஒரு சாயங்காலம் மூடினா குறைஞ்சா போயிடுவீங்க? உங்க நிம்மதிக்கு இவரு இருக்கற ஒண்ணையும் குடுக்கணுமா?"

"விடு ரோஸி" என்றார் எவால்ட். "அவன் சொல்றதுதானே நிஜம். சொல்லட்டும். எனக்கும் அலுத்துப் போச்சு." சொல்லிக்கொண்டே பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்து உரித்துப் பலகை முழுக்கப் போட்டுவிட்டார். ஆலர்ஸ் அதைப் பார்த்தார்.

கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேருமாக மைதானத்துக்கு நடந்தோம். இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்றார்கள். தூறல் வேறு. கூட்டம் சில நூறு பேர். முக்கால்வாசி சின்ன வயசுக்காரர்கள், கையில் பீரும் சாசேஜும். டெட்லெஃப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எவால்டையும் ஆலர்ஸையும் நடுவட்டத்தில் அருகருகே நிறுத்தினார்கள்.

முதலில் ஆலர்ஸ் பேச வேண்டும், அப்புறம்தான் கோலை அறிவிப்பதா வேண்டாமா என்று முடிவு என ஏற்பாடு. அறிவிப்பாளர் ஒரு அவசரக் குடுக்கை. மைக்கைக் கையில் எடுத்ததும் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்.

"கோல்! பச்சை வெள்ளைக்காக! நம்ம... எவால்ட்!"

முதல் பெயரைச் சொல்லி நிறுத்தினார். கூட்டம் கத்த வேண்டிய இடம். யாரும் கத்தவில்லை.

யாருக்கும் தெரியவில்லை! அந்தப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "லீப்பு..." என்று ஆரம்பித்த டெட்லெஃப் பாதியில் நிறுத்திவிட்டான். "அவரு பேரு என்ன ரோஸி?" என்று என்னைக் கேட்டான். அவன் கையைத் தட்டிவிட்டு நான் எழுந்தேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எவால்ட் தலையைக் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஆலர்ஸ் நிமிர்ந்தார். மைக் இல்லாமல், கூன் முதுகை நிமிர்த்தி, ஆபரேஷன் செய்த நெஞ்சிலிருந்து ஒரே கத்தாகக் கத்தினார்.

"பிஸ்கோர்ஸ்!"

அறிவிப்பாளர் ஒரு நொடி விழித்தார். பிறகு, "எவால்ட்!" என்றார் மறுபடி.

"பிஸ்கோர்ஸ்!" இந்த முறை ஆலர்ஸும் நானும் டெட்லெஃபும், இன்னும் நாற்பது ஐம்பது பேரும்.

"எவால்ட்!"

"பிஸ்கோர்ஸ்!" மொத்த மைதானமும் கத்தியது. சாசேஜ் சுடுபவன் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு கத்தினான். எவால்ட் தலையைத் தூக்கவேயில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

செயலாளர் ஓடிவந்து ஆலர்ஸின் வாயருகே மைக்கை நீட்டினார். "ஆலர்ஸ் சார், அந்த கோலைப் பத்தி ஏதோ சொல்லணும்னீங்களே?"

ஆலர்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எவால்டைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவிப்பாளர் புரிந்துகொள்ளக் காத்திருக்கிற ஆளும் இல்லை. வழக்கம்போல, "நன்றி!" என்றார்.

"இருக்கட்டும்!" என்றது கூட்டம். எவால்டும் அப்போதுதான் தலையைத் தூக்கி, ஆலர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து சொன்னார்.