எட்டு மணி நேரத்தில் காயாத கதவுகள்

கலாவதி அக்காவை நான் முதலில் பார்த்தது, ஏற்காட்டில் நான் வேலை செய்யும் பெயிண்ட் கடையில். போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. சமையல்கட்டு அலமாரிக் கதவுகளுக்குத் தானே பெயிண்ட் அடிக்கப்போவதாகச் சொன்னார். மாரமங்கலத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வேதியியல். விடுவேனா? எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்புத்தூளில் கழுவுவது, உப்புத்தாளில் தேய்ப்பது, பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட் என்று வகுப்பே எடுத்தேன். ஒவ்வொரு கோட்டும் எட்டு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்ததையும் படித்துக் காட்டினேன்.

"ஏஞ்சாமி, அது சேலத்து எட்டு மணி நேரமா, ஏற்காட்டு எட்டு மணி நேரமா?" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொட்டச்சேட்டில் தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடத் தொடங்கியிருந்தார். முதலில் வந்த குடும்பம், புகையேறிக் கறுத்த அலமாரிகளை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் வைத்த கோழிக்குழம்பைத் தொடவே இல்லை. டவுனிலிருந்து பொட்டலம் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த குடும்பம் சனிக்கிழமை மதியம் வருகிறது. அவர்களும் சாப்பிடாவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டு, மறுபடி எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. முந்தின நாள் அடித்த இரண்டாவது கோட் இன்னும் விரலில் ஒட்டுகிறதாம். வாரம் முழுக்க மலையில் மூட்டம். டப்பாவில் அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை. மதிய பஸ்ஸில் போனேன்.

அதற்குள் அக்கா எட்டுக் கதவுகளையும் பக்கத்து வீட்டு மருதாயி காப்பி காயவைக்கும் பந்தலுக்குத் தூக்கிப் போய், சாக்கு விரித்துப் பரப்பியிருந்தார். பிளாஸ்டிக் கூரை போட்ட அந்தப் பந்தலுக்குள் நல்ல கதகதப்பு. ஆனால் பந்தலில் கிடப்பது எதுவானாலும் மணிக்கொரு தரம் புரட்டிவிடுவது மருதாயிக்குப் பழக்கம். காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்ட கையோடு மூன்று கதவுகளைக் குப்புறப் புரட்டிவிட்டார். அக்கா ஓடிவந்து வைததில்தான் மற்ற ஐந்தும் தப்பின.

"அடிப்பக்கம் காய வேண்டாமா புள்ள?" என்று கேட்டாராம் மருதாயி.

நான் பார்த்தபோது மூன்று கதவிலும் சாக்கின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. தேய்த்துவிட்டு இன்னொரு கோட் அடிக்கலாம் என்றேன்.

"அடிச்சா நாளைக்குள்ள காயுமா, படிச்சவரே?"

"காயாதுங்க அக்கா."

 அக்கா சாக்கை உதறி விரித்து, மிச்சமிருந்த ஐந்து கதவுகளையும் தானே குப்புறப் போட்டு, எட்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று என்னையும் ஒரு மூலையில் அமுக்கச் சொன்னார்.

"இதத்தான நானுஞ் செஞ்சேன், அதுக்கா அந்த வசவு?" என்றார் மருதாயி.

சனிக்கிழமை சாயங்காலம் மனது கேட்காமல் போன் செய்தேன்.

"அந்தம்மா சமையக்கட்டுக்குள்ளயே வந்து, அலமாரி மேல சாஞ்சு நின்னு பேசுச்சு கண்ணு. சேலையில ஒட்டிக்குமோன்னு நொம்ப பயந்துட்டேன். கதவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. கொழம்புதான் ரெண்டாந்தரம் கேட்டுச்சு."

இப்போது வாரக்கடைசிகளில் அந்த இரண்டு அறைகளுக்கும் ஆள் வருகிறது. கலாவதி அக்கா பழம் பறிக்கப் போவதில்லை; கொட்டச்சேட்டில், சாக்குக் கட்டம் பதிந்த அந்த அலமாரிகளுக்கு நடுவில் சமைத்துக்கொண்டிருக்கிறார்.