அப்பாவின் சந்தேகங்களும் தம்பியின் வீடும்

அப்பா ஒருவரையும் இலகுவில் நம்பியவர் அல்லர். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் முதல் வரியாக இதை எழுதலாமா என்று நானும் யோசித்தேன். எழுதாவிட்டால், அவரை அறிந்த நீங்கள் இந்த மலரையே நம்பமாட்டீர்கள்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதே ஓய்வு பெறும்வரை அவருடைய வேலை. அந்தப் பார்வை வீட்டுக்கும் வந்துவிட்டது. மீன்காரர் என்ன சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். இனக்கலவரத்தில் குடியிருந்த வீட்டை இழந்தபோது அயலவர்களில் சிலர் எங்களைக் காட்டிக்கொடுத்தார்கள், சிலர் ஒளித்து வைத்தார்கள். யார் எதைச் செய்வார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பார். பிறகு அம்மாவின் நகைகளை விற்று வெள்ளவத்தையில் இந்த மாடி வீட்டை வாங்கினார்கள்.

என் தம்பிக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவன். தானாகக் குளிப்பான், தேநீர்க் கோப்பை கழுவுவான், பின்னேரம் கடற்கரையோரம் போகும் ரயிலுக்குக் கை காட்டுவான். பணம் எதற்கென்று தெரியாது. கையொப்பம் போடு என்றால் சிரித்துக்கொண்டு ஒரு வட்டம் போடுவான். அம்மா காலமான பின் அப்பாவின் பயமெல்லாம் அந்த வட்டத்தைப் பற்றித்தான். தான் போன பிறகு யாராவது ஒரு கடதாசியை அவனிடம் நீட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

நுகேகொடைப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தார், வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தந்தால் தம்பியைக் கடைசிவரை பார்ப்பதாகச் சொன்னார்கள். மாபிள் தரை, பூச்சாடி, எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அவர்கள் வரச் சொன்ன நாளில் போய்ப் பார்த்த அப்பா, வரச் சொல்லாத ஒரு நாள் மத்தியானமும் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

“அங்கை இருக்கிற பிள்ளையளுக்கு ஒருத்தரும் நகம் வெட்டி விடேல்லை.”

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. எழுதித் தந்தால் பிள்ளையைப் பார்க்கிறோம் என்று வந்த உறவினர்களிடம், முதலில் ஒரு கிழமை வைத்திருந்து பாருங்கள் என்றார். அவர்களும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இந்த வீடு எனக்குச் சீதனம் என்று என் கலியாணத்திலேயே பேசியாயிற்று. ஆனால் அப்பா எழுதவில்லை. கேட்கும்போதெல்லாம் பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்குச் சுகமில்லை என்பார். எந்த நொத்தாரிசு ஐயா இத்தனை வருடம் படுக்கையில் கிடப்பார்? என் மாமியார் கண்மூடும்வரை அதைச் சொல்லிக் காட்டினார்.

இருதய வருத்தம் கண்ட பிறகுதான் அப்பா என்னையும் மச்சாளையும் புதுக்கடைக்கு, நொத்தாரிசிடம் அழைத்துப் போனார். மச்சாள் அப்பாவின் தங்கையின் மகள், மட்டக்குளியில் ஆசிரியை. வீடு என் பெயருக்கு எழுதப்பட்டது. ஆனால் அப்பாவுக்கும், அவருக்குப் பின் தம்பிக்கும் சீவிய உரித்து. தம்பி உயிரோடு இருக்கும்வரை அவனை அங்கிருந்து எழுப்ப என்னாலும் ஏலாது. அப்பாவின் சேமிப்பை அவனுக்காக எடுப்பதென்றால் நானும் மச்சாளும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும்.

எனக்கும் மச்சாளுக்கும் ஒரு கலியாண வீட்டுச் சண்டையிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நொத்தாரிசுக்கும் எங்கள் முகங்களைப் பார்த்தே விளங்கிவிட்டது. ஒத்துப்போகிற இருவரைப் போடலாமே என்று மெல்லச் சொன்னார்.

“ஒத்துப்போற ஆக்கள் சேர்ந்து திண்டுபோடுவினம்,” என்றார் அப்பா. “இவையிலை ஒராள் மற்ற ஆளை விடாது.”

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டேன்:

“அப்பா, என்னிலையும் சந்தேகமோ?”

“ஓம்,” என்றார். “நீ நல்ல பிள்ளைதான். கஷ்டம் வந்தால் நல்ல ஆக்களும் மாறுவினம். நான் கண்டனான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஓட்டோ சுற்று வழியில் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இந்த மலரைப் பற்றியும் சொல்லிவைத்தார்:

“முப்பத்தொண்டுக்குப் புத்தகம் அடிப்பாய்தானே. வீட்டு விசயத்தை அதிலை போடு. உறுதிப் பத்திரம் அலுமாரிக்கை கிடக்கும், ஆர் பாக்கிறது? புத்தகம் எல்லா வீட்டுக்கும் போகும்.”

சொன்னபடி போட்டுவிட்டேன், அப்பா.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்படியில் நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. செத்தவீட்டுத் தேநீருக்கு வாங்கிய சீனி எங்கே போனது என்று என்னிடமே விசாரித்த மச்சாளுக்குத் தனியாக நன்றி. எட்டாம் நாள் செலவுச் சாப்பாட்டுக்கு வந்து, தம்பியின் தலையைத் தடவிவிட்டு, எத்தனை அறை என்று எட்டிப் பார்த்தவர்களுக்கும் நன்றி. அவர்களுக்கும் இந்த மலர் மறக்காமல் அனுப்பப்படுகிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தம்பியோடு நான் இருக்கும் இந்த வீட்டுக்கு வாருங்கள். வருவதற்கு முன் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் தேநீரைக் குடியுங்கள், நான் சொல்வதையும் கேளுங்கள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து நகத்தைப் பாருங்கள்.

மகள்
வெள்ளவத்தை