பின்சக்கரம் வழுக்கும்போது எங்கே பார்ப்பது

முதல் நாளே அந்தக் கார் எங்களை வந்த திசைக்குத் திருப்பி நிறுத்தியது. சின்னமனூரிலிருந்து தேனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலைச் சாரலில் ரோடு நனைந்திருந்தது. பழனிசெட்டிபட்டிக்குக் கொஞ்சம் முன்னால், சின்னப் பாலத்தை ஒட்டிய வளைவில், என் கணவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முதுகுக்குப் பின்னால் என்ஜின் அலறியது. பாலத்துக் கட்டைச்சுவர், வயல், தென்னைமரம் எல்லாம் கண்ணாடியில் வரிசையாக ஓடின. நின்ற பிறகு நான் பார்த்தது, அதுவரை எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கம்பம் பஸ்ஸின் முகத்தை.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏண்ணே, ஒங்க உசுரு ஒங்களோட. எனக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸு சனம் ஒக்காந்திருக்காக. அவுக என்ன பாவம் பண்ணுனாக?"

என் கணவர் ஜன்னலை இறக்கி ரோட்டை எட்டிப் பார்த்தார். "ரோடு சரியில்லண்ணே" என்றார்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் அதில்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டே சீட்டு. மஞ்சள் நிறம். கொச்சியில் ஒருவர் வைத்திருந்ததை வாங்கி, லாரியில் ஏற்றி, குமுளி மலை வழியாக இறக்கிக் கொண்டுவந்தார். என் கணவருக்குத் திராட்சைத் தோட்டமும் ஒரு குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்பது அவருடைய இளவயது ஆசை. ஆசை வந்த வயதில் வாங்க வசதி இல்லை. வாங்க வசதி வந்தபோது இடுப்புவலி வந்துவிட்டது. அதில் ஏறி உட்காரவே அவருக்கு ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடிக்க வேண்டும். நம் தோட்டத்து டிராக்டர் மாதிரிப் பத்தைச் சேர்த்துக் கட்டினாலும் இதன் சக்திக்கு வராது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் காரைச் சுற்றி வந்து, "இதுல எங்கன ஆத்தா அரிசி மூடையை ஏத்துவீக?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் அன்று உருப்படியாகக் கேட்டவர்.

பஸ்ஸுக்கு முன்னால் நின்ற அன்று சாயங்காலம் நான் சொல்லிவிட்டேன். "ஒண்ணு வித்துருங்க. இல்ல, முறையாக் கத்துக்கிட்டு ஓட்டுங்க."

"யாரு, நானா? மேகமலைக்கு ஜீப்பை ஏத்தி எறக்குனவன் நான். எனக்கு ஒருத்தன் வந்து கத்துக்குடுக்கணுமாக்கும்?"

வந்தது ஒருத்தன் இல்லை, ஒருத்தி. என் தங்கை மகள். கோயம்புத்தூரில், வேகமான கார்களைக் கட்டுப்பாடாக ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னதும் லீவு போட்டுவிட்டு, இரண்டு ஹெல்மெட்டும் வழி குறிக்கத் தரையில் வைக்கும் ஒரு அடுக்கு ரப்பர்க் கூம்புகளுமாக வந்து இறங்கினாள். அவளிடம் கற்றுக்கொள்ள என் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சின்ன வயதில் அவளை ஜீப்பில் மடியில் வைத்து ஓட்டியவராம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒன் பெரியம்மாவுக்குச் சொல்லிக்குடு. நான் கூட வந்து பாத்துக்கிறேன்."

இப்படியாகத்தான், எந்தக் காலத்திலும் ஆசைப்படாத ஒன்றைக் கற்றுக்கொள்ள நான் போக வேண்டியதாயிற்று. என் சின்னக் காரில் தேனிக்குப் போய் மருந்து எடுத்து வருவதற்கு மேல் எனக்கு எதுவும் தேவையாக இருந்ததில்லை.

இடம், ஆண்டிபட்டிப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு நூல்மில். தெரிந்தவர்களுடையது. லாரிகள் நிற்பதற்காகப் போட்ட அகலமான சிமெண்டுத் தளம், சுற்றிலும் முள்வேலி, உள்ளே ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தங்கை மகள் காரை ஓட்ட, நாங்கள் ஜீப்பில் பின்னால் போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் நின்று, காரின் மூக்கைத் தூக்கும் பட்டனை அமுக்கி, கோணலாகத் திருப்பி, எறும்பு ஏறுவதுபோல ஏற்றி இறக்கினாள். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. வீரபாண்டியில் பைக்கில் வந்த இரண்டு பேர் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே ஓட்டினார்கள். "முறுக்கச் சொல்லுங்கம்மா, சத்தம் கேப்போம்" என்று என்னிடம் சிபாரிசு வேறு. என் கணவரோ, "கொஞ்சம் முறுக்கித்தான் காட்டேன்" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து முணுமுணுத்தார்.

முதல் பாடம் உட்காருவது. சிரிக்காதீர்கள், பாதிக் காலைப்பொழுது அதிலேயே போனது.

"முதுகு சீட்டுல ஒட்டணும் பெரியம்மா. கையை நீட்டுனா மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல வந்து உக்காரணும். இல்ல, இன்னும் முன்னாடி வாங்க. காலு முழுசா நீண்டுறக் கூடாது."

"நான் என்ன பல் டாக்டர்கிட்டயா வந்திருக்கேன்?"

"வண்டி வழுக்குறது மொதல்ல உங்க இடுப்புக்குத்தான் தெரியும். சீட்டுல ஒட்டி இருந்தாத்தான் தெரியும்."

அடுத்தது பிரேக். நேராக ஓட்டி, கூம்பு வந்ததும் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். எனக்குக் கால் வரவே இல்லை. ஆயுசு முழுக்க மெதுவாக மிதித்தே பழகியவள். அவள், "உடைஞ்சா உடையட்டும், மிதிங்க!" என்று கத்திய பிறகு மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. பயந்து எடுத்துவிட்டேன். அதிர்வது கோளாறு இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கார் பார்த்துக்கொள்கிறது, நிற்கும்வரை காலை எடுக்கக் கூடாது என்றாள். மறுபடி, மறுபடி, மறுபடி. வேப்பமர நிழலில் நின்றிருந்த என் கணவர் ஒவ்வொரு தடவையும், "பிரேக்கை விட்டுவிட்டுப் பிடி! விட்டுவிட்டுப் பிடி!" என்று ஜீப் காலத்துப் பாடத்தை எனக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி காதுக்குள் ஒன்று சொல்ல, ஒருத்தர் தூரத்திலிருந்து அதற்கு நேர்மாறாகச் சொல்ல, அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் என் தலை வெந்தது.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் லாரி வந்தது. நனைந்த தரையில் பழக வேண்டும் என்பதற்காக, மில்லின் உப்புக் கிணற்றிலிருந்து எடுத்துத் தளத்தில் ஊற்ற ஏற்பாடு செய்திருந்தாள். லாரிக்காரர் குழாயைத் திறப்பதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஊருக்குள்ள குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறாக. நீங்க சிமெண்டுத் தரைக்கு ஊத்தச் சொல்றீக."

"இது குடிக்கிற தண்ணி இல்லண்ணே. உப்புத் தண்ணி."

"உப்புத் தண்ணியும் தண்ணிதானம்மா" என்று சொல்லிவிட்டுத் திறந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஈரத்தில் வட்டமாக ஓட்டச் சொன்னாள். கொஞ்சம் அதிகம் மிதித்தாலே காரின் பின்பக்கம் வெளியே போகும். அப்போது பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் இன்னும் மோசமாகப் போகும். மெதுவாகத் தளர்த்த வேண்டும், ஸ்டீயரிங்கை வழுக்கும் பக்கமாகவே கொஞ்சம் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

"கூம்பைப் பாக்காதீங்க பெரியம்மா. கண்ணு எங்க போகுதோ கையும் அங்கதான் போகும்."

நான் கூம்பைத்தான் பார்த்தேன். பார்க்காதே என்று சொன்னால் வேறு எதைப் பார்ப்பது? எத்தனை கூம்புகளை நசுக்கினேன் என்று தெரியாது. லாரிக்காரர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். ஒரு கட்டத்தில் கோபம் தாங்காமல், கூம்பைப் பார்க்காமல் தூரத்தில் இருந்த மில் கேட்டை முறைத்துக்கொண்டே ஓட்டினேன். பின்பக்கம் வெளியே போனது, கைகள் தாமாகத் திரும்பின, கார் நேரானது. என்ன செய்தேன் என்று எனக்கே புரியவில்லை. மகள் கைதட்டினாள்.

அதற்கு மேல் என் கணவரால் நிற்க முடியவில்லை. "எறங்கு, நான் காட்டுறேன்" என்று வந்தார். உட்காரும் முறையைப் பற்றி அவள் வாயைத் திறப்பதற்குள், சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, டேஷ்போர்டில் ஒரு பட்டனை அமுக்கினார்.

"பெரியப்பா, அதை ஏன் ஆஃப் பண்றீங்க? வண்டி வழுக்காமப் புடிக்கிறதே அதுதான்."

"அதை ஆஃப் பண்ணுனாத்தான் வண்டியோட முழு பலமும் வரும்னு வீடியோவுல சொன்னாக."

அவள் ஜன்னலில் குனிந்தாள். "பஸ்ஸுக்கு முன்னாடி திரும்பி நின்னீங்களே, அன்னைக்கும் ஆஃப் பண்ணியிருந்தீங்களா?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். "அமுக்குறதுக்குத்தானே பட்டன் வச்சிருக்கான்" என்றார்.

ஈரத் தளத்தின் ஓரத்தில் நின்று இதைக் கேட்டேன். சாரல், ரோடு, டயர் என்று வீட்டில் எத்தனை நாள் என்னிடம் வியாக்கியானம் செய்திருந்தார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டேன். அவளோ, பட்டனை மறுபடி போடவே இல்லை. "சரி, இப்படியே ஒரு சுத்து போங்க" என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் பம்பரமாகச் சுற்றியது. தரையில் தண்ணி அதிகம் என்றார். திரும்பவும் சுற்றியது. செருப்பு வழுக்குகிறது என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினார், சுற்றியது. லாரிக்காரர், "அண்ணே, திருவிழா ராட்டினம் தோத்துப்போகும்" என்று சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "சுத்தும்போது எதைப் பாத்தீங்க பெரியப்பா?" என்று கேட்டாள்.

"கூம்பை."

"அன்னைக்கு?"

அவர் என்ஜினை அணைத்தார். "பாலத்துக் கட்டைச்சுவரை" என்றார். "அதுல மோதிருவோம்னு நெனச்சேன். கண்ணை எடுக்க முடியல."

அவ்வளவுதான். இறங்கி நிழலுக்குப் போய், பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார். மனிதர் மன்னிப்பு கேட்பார், நானும் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். "டீ கிடைக்குமா இங்கன?" என்று கேட்டார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில். மகள் ஜீப்பில் பின்னால். ஆண்டிபட்டியில் காய்ந்து கிடந்த ரோடு தேனி தாண்டியதும் ஈரமாகிவிட்டது. மேற்கே மலை தெரியவில்லை, சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. வீரபாண்டிக்கு அப்பால், நடவுக்கு உழுத டிராக்டர் ஏதோ வயலிலிருந்து ஏறிச் சக்கரத்துச் சேற்றையெல்லாம் வளைவில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மெதுவாகத்தான் வந்தேன். இருந்தும், பின்பக்கம் விலகுவது என் இடுப்புக்குத் தெரிந்தது. எதிரே வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"பிரேக்கைப் பிடி!" என்றார் அவர்.

வேனைப் பார்க்கவில்லை. வேனுக்கு இடது பக்கம் இருந்த ரோட்டைப் பார்த்தேன். காலைத் தளர்த்தினேன், கைகள் திரும்பின, முன்னால், மறுபடி போட்டு வைத்திருந்த அந்தப் பட்டனின் சின்ன விளக்கு படபடவென்று மின்னியது. பாதி வேலையைக் காரே பார்த்துக்கொண்டது. வேன் போய்விட்டது. ஓரமாக நிறுத்தினேன்.

ஜீப்பிலிருந்து மகள் ஓடி வந்தாள். என் கணவர் ஜன்னலை இறக்கினார்.

"ஒன் பெரியம்மா சேத்துல விட்டுட்டா" என்றார்.

நான் இறங்கினேன். சாவியை அவர் மடியில் போட்டேன். "நீங்களாச்சு, இந்த எழவாச்சு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி, நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜீப் குதித்தது, குலுங்கியது, டீசல் நாறியது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வண்டியிலும் வந்ததில்லை. அவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். வழியெல்லாம் பெரியப்பா மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார் என்றாள் மகள்.

மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், முன்கூடத்தில் அவர் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்துக்குக்கூடச் செருப்போடு போகிறவர். இடுப்புவலியில் குனிய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த மகளிடம், என் பக்கம் திரும்பாமல், "அந்தத் தண்ணி லாரியை இன்னொரு தடவை வரச் சொல்லுவமா?" என்று கேட்டார்.

அவளுடைய லீவு முடியும் வரை இருவரும் தினமும் போனார்கள். நான் கடையைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் சேறும் உப்பும் படிந்த காரோடு வருவார், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஊருக்குக் கிளம்பும்போது அவள் என்னிடம், "பெரியப்பா இப்ப நல்லாப் பாக்குறாரு" என்று மட்டும் சொன்னாள். அவள் பையில் அவர் திராட்சையை அடைத்தார், மூடிய ஜிப்பைத் திறந்து இன்னும் அடைத்தார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது வேறு பிரச்சினை. மருந்துக்கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்து, பின்சக்கரம் வழுக்கினால் எங்கே பார்க்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். இருமல் மருந்துக்கு வந்தவர் பாவம், தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். என் சின்னக் காரில் ஏறினால் முதலில் என் மணிக்கட்டைப் பார்க்கிறார். ஷேர் ஆட்டோவில் போனால் டிரைவரின் சீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார். இதையெல்லாம் கண்டுபிடித்ததே அவர் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோட்டில் கூட்டம் வருவதற்கு முன், மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு வைகை அணைப் பக்கம் போகிறோம். போன வாரம், மழையும் இல்லை, சேறும் இல்லை, ரோடு நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. பால்கேன் கட்டிய ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. தாண்டும்போது பால்காரர் குனிந்து, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

"இப்படிப் போறதுக்கு நடந்தே போயிருக்கலாமே" என்றேன்.

"டயரு சூடானாத்தான் ரோட்டைப் பிடிக்கும். இன்னும் சூடாகல" என்றார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தூரத்தில் தெரிந்த அணைக்கட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.