இடிக்கப்பட்டதாக எழுதப்பட்ட வீடு

1984 மார்ச் 9 – முன்பணம், 300.
1991 செப்டம்பர் 2 – கடைசி வாடகை, 60.
1996 ஜூன் 20 – கூரை ஓடு மாற்றியது, 1,150.
2009 ஜனவரி 5 – தண்ணீர்க் குழாய், 2,300.
2018 நவம்பர் 11 – புத்தகம், 350.

என் தங்கை அந்த வீட்டுக்காகச் செலவழித்தது முதல் நான்கு வரிகள். ஐந்தாவதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

தையல் வேலை அவளுக்கு. பெரிய சாலையில் இருக்கும் ஆயத்த ஆடைக் கடை கொடுத்தனுப்பும் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிடித்துத் தைப்பாள். வீடு, பழைய டிராம் பணிமனையின் பின்சுவரை ஒட்டிய கடைசி வீடு. ஒரு காலத்தில் அங்கே ஏழு வீடுகள் வரிசையாக இருந்தன. டிராம் கம்பெனியை மூடியபோது ஆறை இடித்தார்கள். ஏழாவதை இடித்தால் பணிமனைச் சுவரும் கூடவே சாயும் என்று ஒப்பந்தக்காரர் அப்புறம் பார்க்கலாம் என்று போனார். போனவர் போனவர்தான். வாடகை வாங்கவும் ஆள் வரவில்லை. அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவள் வருமானத்துக்கு வேறெங்கும் ஓர் அறைகூடக் கிடைக்காது.

புத்தகத்தை அவள் வாங்கியதே அட்டையில் பணிமனை இருந்ததால்தான். நகரத்தின் மறைந்துபோன இடங்களைப் பற்றிப் பலர் எழுதிய இருபத்திரண்டு கட்டுரைகள். தூர்த்த குளம், மூடிய சுரங்கப்பாதை, சந்தைக்கு அடியில் ஓடும் கால்வாய். துணிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் படித்து என்னிடம் கதை சொல்வாள். பதினோராவது கட்டுரை அவளுடைய தெருவைப் பற்றியே இருந்தது. பணிமனைக்குப் பின்னால் இருந்த ஏழு வீடுகளில் இன்று ஒரு செங்கல்கூட மிச்சமில்லை என்று அது முடிந்தது.

"அண்ணே, நான் இடிஞ்சு இருபத்தேழு வருஷமாச்சாம்" என்று சிரித்தாள்.

நான் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். சரக்குக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் இருப்பு எழுதியவனுக்கு ஆறை ஏழு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவங்களுக்கு எழுதிக் கிழுதி வச்சிராதீங்க. இடிஞ்சதாவே இருக்கட்டும்."

ஆனால் புத்தகம் நன்றாக விற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் வாசலில் மாட்டியிருந்த தையல் விளம்பரப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டாள். துணிக்கொடியை உள்ளே கட்டினாள். வழி கேட்டவர்களுக்கு, அதோ கார் நிறுத்துகிறார்களே, அந்த இடம்தான் என்று காட்டுவாள். ஒரு தம்பதி அவளிடமே போனைக் கொடுத்து, இல்லாத வீடுகளுக்கு முன்னால் தங்களைப் படம் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்துக் கொடுத்திருக்கிறாள், அவளுடைய சொந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வாடிக்கை குறைந்தது. வெளியே யார் நடந்தாலும் தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள்.

பிப்ரவரியில் ஒரு மாலை நானும் அங்கே இருந்தேன். கதவைத் தட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு திறந்தாள். வந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அந்தக் கட்டுரையை எழுதியவரே அவர்தான். இடித்ததில் மூன்றாவது வீட்டில் பிறந்தவராம். ஒரு வீடு இன்னும் நிற்கிறது என்று ஏதோ வாசகர் சொல்லி வந்தேன் என்றார்.

உள்ளே நடந்தவர் சமையலறை வாசலில் பார்க்காமலேயே தலையைக் குனிந்தார். ஏழு வீட்டுக்கும் ஒரே அளவு. அந்த நிலையில் தலையை இடித்துக்கொண்டே வளர்ந்தவர். பிறகு சுவரைத் தடவிப் பார்த்தார்.

"மறுபதிப்பு வருதும்மா. நான் எழுதினது தப்பு. திருத்தணும்."

"திருத்தினீங்கன்னா அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வரும், ஐயா."

"பொய்னு தெரிஞ்சப்புறம் மறுபடி அச்சடிக்கச் சொல்றீங்களா?"

"நீங்க எழுதினப்போ அது உங்களுக்கு உண்மைதானே. அதையே வச்சுக்குங்க."

 அவர் யோசித்துத் தகவல் அனுப்புகிறேன் என்றார். அவள் விலாசத்துக்குத் தபால் வராது என்பதால் என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது: இன்னும் முடிவு செய்யவில்லை. ஜூனில் இன்னொன்று: பதிப்பகத்தார் அந்த இடத்தின் இன்றைய படம் கேட்கிறார்கள். அதைப் படித்த வாரத்தில் அவள் ஒரு கால்சட்டையின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். கடைக்காரர், "என்னம்மா, ஒத்தைக்காலனுக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துணிகளை மூட்டை கட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டாள். 

பிறகு வந்த கடிதத்தோடு தொடர்பு முடிந்தது. பொய்யை மறுபடி அச்சேற்ற மனம் வரவில்லை, உண்மையை ஏற்றினால் ஒரு வீடு போகும், ஆகவே கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். புதிய பதிப்பில் இருபத்தொரு கட்டுரைகள்தான்.

தங்கை அதை இரண்டு முறை படித்தாள்.

"பழசு எத்தனை புத்தகம் அண்ணே வித்திருக்கும்?"

ஆயிரம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கடிதம் வந்தது 2019 ஆகஸ்ட் 14; கணக்கில் ஆறாவது வரி.