மனேச்சர் அண்ணைக்குப் பிடித்த வேகம்

மனேச்சர் அண்ணை வீட்டு அலுமாரிக்கு மேலே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய சைக்கிள் டைனமோ இருக்கும். கறள் பிடித்து, இரண்டு வயர்த் துண்டுகள் தொங்க, பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். “உந்தப் பழசை எறியுங்கோவன் அக்கா” என்று அவர் மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். “அது என்ர வாத்தியமல்லோ” என்பா. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அண்ணைதான் அதிகம் சிரிப்பார்.

அண்ணை ஊர்காவற்றுறையில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கோயில் பாடகர் குழுவை நடத்தியவரும் அவரே. இருபது பேர் பாடும்போது என் குரல் ஒரு மயிரிழை இறங்கினாலும் பென்சிலால் கதிரையில் தட்டி நிறுத்திவிடுவார். அக்காவைக் குழுவில் சேர்க்கவில்லை. அவவுக்குச் சுருதி நிற்காது, உண்மைதான். அதோடு எல்லாவற்றிலும் ஆறுதல், அவசரமே இல்லை. பூசைக்குப் போகும்போது அண்ணை இருபது அடி முன்னால் போய் நின்று, “இஞ்சேரும், கெதியா வாரும்” என்று றோட்டே கேட்கக் கத்துவார். அக்கா தன்பாட்டில் வருவா.

சண்டையில் எங்கள் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில்தான் அந்தக் கசற் எங்களுக்குக் கிடைத்தது. வெளிநாடு போன ஒரு சாமியார் கொடுத்துவிட்டுப் போனது. இறந்தவர்களுக்காக இலத்தீனில் நான்கு குரல்களில் பாடுகிற, உலகமெல்லாம் தெரிந்த பெரிய பாட்டு. கரண்ட் இல்லை, பற்றறி வர அரசாங்கம் விடாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் றேடியோவுக்குக் கொடுத்தோம். மிதித்தால் பாடும், விட்டால் நிற்கும். பாடுகிறவர்களுக்கு மூச்சு வேண்டும் என்று அண்ணை அக்காவை ஏற்றிவிட்டார். மாதக்கணக்காக அவ மிதித்தா, நாங்கள் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினோம். அதன்பின் எத்தனையோ செத்தவீடுகளில் அதைப் பாடினோம். அடுத்த இடப்பெயர்வில் கசற் தொலைந்தது.

இந்த வருடம் அக்கா போய்விட்டா. முப்பத்தோராம் நாள் பூசையில் அந்தப் பாட்டு வேண்டும் என்று அண்ணை நின்றார். குழுவில் ஊரோடு மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். பாட ஏலாது. “நீர் ஃபோனில தேடித் திறமான ஒண்டை எடுத்துத் தாரும், பூசையில போடுவம்” என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அவவுக்கு நான் ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை. இதாவது ஒழுங்கா இருக்கோணும்” என்றார்.

ஏழு ஒலிப்பதிவுகளைக் கொண்டுபோனேன். எல்லாம் பெரிய பெரிய குழுக்கள். ஒன்றில் ஆண்குரல்கள் கதிரை இழுக்கிற சத்தமாம். இன்னொன்றில் பெண்கள் தங்கள் குரலை விலாசம் காட்டுகிறார்களாம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே குற்றச்சாட்டு: “ஓடுறாங்கள். செத்தவைக்குப் பாடுறதை இப்பிடியே ஓடிப் பாடுறது?” நான் விடவில்லை. இரண்டு நாள் தேடி, எங்கள் கசற்றில் இருந்த அதே ஒலிப்பதிவையே கண்டுபிடித்தேன். மட்டையில் அதே கோபுரப் படம், அதே பெயர்கள். வெற்றி வீரர் மாதிரிப் போய் இறங்கினேன். அண்ணை அரை நிமிடம் கேட்டார். “இதுவும் ஓடுது. இது எங்கட கசற் இல்லை.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “வானத்துச் சம்மனசுகளே வந்து பாடினாலும் உங்களுக்குப் பிடிக்காது அண்ணை” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். எழும்பும்போது அலுமாரிக்கு மேலே கண் போனது. அப்படியே திரும்ப இருந்துவிட்டேன்.

ஃபோனில் வேகத்தைக் குறைக்கலாம். முக்கால் பங்காக்கி அதே ஒலிப்பதிவைத் திரும்பவும் போட்டேன். அண்ணை கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வலதுகை தானாக எழும்பித் தாளம் காட்டத் தொடங்கியது. பாட்டு முடியும்வரை கை இறங்கவில்லை.

“ஓம், இதுதான். சுருதி கொஞ்சம் உயரம், பறவாயில்லை. இதை ஆர் நடத்தினது?”

“அக்கா” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் டைனமோவைக் காட்டி, “அவ மிதிச்ச வேகம்” என்றேன். எழும்பிப் போய் அதைக் கையில் எடுத்தார். பிறகு முகத்தைச் சால்வையால் பொத்திக்கொண்டு, “நடக்கேக்க மட்டும் கெதியா வா, கெதியா வா எண்டு கத்தினனான்” என்றார். அழுதார். நானும் அழுதேன்.

பூசையில் அந்த வேகத்திலேயே போட்டோம். ஃபோனில் ஏதும் பிழையோ என்று புதுச் சாமியார் கேட்டார், இல்லை என்றோம். பூசை முடிந்து அக்காவை அடக்கிய சேமக்காலைக்கு நடந்தோம். அண்ணை எல்லோருக்கும் முன்னால் போனார், ஆனால் ஆறுதலாக, அடிமேல் அடி வைத்து. பின்னால் வந்த நாங்கள்தான் தட்டுப்பட்டு நிற்க வேண்டியிருந்தது. அவர் சேட் பொக்கற்றில் அந்த டைனமோ கனத்துத் தொங்கியது. கறள் துடைத்திருந்தார்.