சம்பங்கோரையும் சித்தப்பாவின் வேலையும்

நகரத்தின் விளிம்பில், அல்வாலுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஃபாக்டரி காலனியின் சுவரை ஒட்டி ஓர் ஏரி உண்டு. ஏரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆள் உயரச் சம்பங்கோரை. கொக்கும் நாரையும் எப்போதோ வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருந்தன. கொசு மட்டும் போகவில்லை.

புதிதாக வந்த பெரிய அதிகாரிக்குப் பறவைப் பைத்தியம். கோரையை ஒழித்து ஏரியை மீட்டே தீருவது என்று உத்தரவு போட்டார். பொறுப்பு, காலனிப் பராமரிப்பில் சூப்பர்வைசராக இருந்த அப்பாவின் தலையில் விழுந்தது. ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவை வரவழைத்து, கோரை அறுக்கத் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். இத்தனை நாள் என்று ஒரு கணக்கு உண்டு; அதுவரை இடைவிடாமல் வேலை இருந்தால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால்தான் பெண் என்று சித்தப்பாவின் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

சித்தப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அறுப்பார். அறுத்த இடத்தில் மறுபடியும் முளைத்துவிடும்.

"இது சாகவே சாகாதா சித்தப்பா?" என்று ஒருநாள் கரையிலிருந்து கேட்டேன்.

"ஏன் சாகாது? தண்ணிக்கு அடியில அறுத்தா மூச்சு முட்டி அழுகிப்போயிடும். நம்மூரு வாய்க்கால்ல அப்படித்தான் அறுப்போம்" என்றவர், தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே அறுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி ஜீப்பில் வந்து, "கைக்கு பிர் ஆ கயா?" என்று இந்தியில் கத்துவார். மறுபடி ஏன் வந்தது என்றால் அப்பா என்ன சொல்வார்? மண்ணின் மேல் பழியைப் போடுவார். கடைசியில் அப்பாவுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அன்று சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, தண்ணிக்கு அடியில…" என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடிண்டு சாப்பிடு" என்று அம்மா என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். சித்தப்பா நிமிரவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவைக் காப்பாற்றும் வித்தை கையில் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

மழைக்காலத்தில் சித்தப்பாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அம்மா கேசரி கிளறினாள். அப்பா ஆர்டரை இரண்டு தடவை படித்துவிட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"நாளைலேருந்து தண்ணிக்கு அடியில அறுடா."

"சரிண்ணா" என்றார் சித்தப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கராந்திக்குள் ஏரியில் தண்ணீர் தெரிந்தது. யாரும் சொல்லித்தராமல் அப்பா தானாகவே வழியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.