பூச்சி ஒழிந்த ஓடை

பெரிய யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆனி மாதம், விடிகிற நேரத்தில் போடிநாயக்கனூரில் மாட்டுவண்டி ஏறினேன். மலையடியிலிருக்கும் முந்தலுக்கு ஐந்து மைல், கூலி நாலணா. அங்கிருந்து போடிமெட்டுக்கு நடைதான். மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்றுக்கொடுக்கிறவன் நான். பூச்சிகளை வரைவது என் பைத்தியம். ஆனால் இந்தப் பயணம் பூச்சிக்காக அல்ல. "அண்ணன் வந்து சொன்னாத்தான் இவுக கேப்பாக" என்று என் தங்கை ரத்தினம் ஆள் விட்டிருந்தாள்.

அவள் புருஷன் வேலுச்சாமி மலைக்குக் கீழே சிலமலை ஊர்க்காரர். பருத்தி வெள்ளாமையில் கெட்டிக்காரர் என்று பேர். கீழே இருந்த நிலத்தை விற்று, மெட்டுக்கு அப்பால் ஓடைக்கரையில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு துண்டு ஏலக்காய்த் தோட்டம் போட்டு நாலாவது வருஷம். காய் பிடிக்காவிட்டால் மலையிறங்கினாலும் காலூன்ற அவர்களுக்கு மண் கிடையாது.

மறுநாள் காலை மழை விட்டதும் ரத்தினம் என்னை மேல்துண்டுக்கு அழைத்துப் போனாள். ஓடையோரத்து ஈரமணலில் மஞ்சளும் நீலமுமாக வண்ணத்துப்பூச்சிகள் நெருக்கியடித்து உட்கார்ந்து நீர் உறிஞ்சின. பாறைக்குப் பாறை தட்டான்கள். சிவப்பு ஒரு சாதி, கரும்பச்சை ஒரு சாதி, ஊசிபோல் இளைத்தது ஒரு சாதி. தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடுகிறவை வேறு. தலைக்கு மேலே இலைகளைத் தைத்துக் குடியிருந்தன முசுறு எறும்புகள். காய்ந்த இலை என்று ஒன்றைத் தொட்டேன், அது நடந்து போய்விட்டது. கரைமரங்களின் பொந்துகளில் தேனீ. தரையோடு கிடந்த ஏலச் சரங்களில் அவைதான் பூவுக்குப் பூ நுழைந்து வந்துகொண்டிருந்தன. சரங்களின் அடியில் பச்சைப் பிஞ்சுகள் நெருக்கமாகப் பிடித்திருந்தன.

"இந்தக் கரைக்காட்டையும் வெட்டணும்ங்கிறாக. கீழ்த்துண்டையும் ஒரு எட்டு பாத்துருண்ணே" என்றாள் ரத்தினம்.

ஒரு மொட்டைப்பாறை மேட்டைக் கடந்து மைல் தூரம் இறங்கினோம். அங்கே ஓடை இருந்தது, கரைக்காடு இல்லை. பருத்திக்காட்டில் விதைக்குமுன் வரப்பையும் வேலியையும் கொளுத்துவார்கள், புழு அண்டாது. அதே கணக்கில் வேலுச்சாமி போன மாசியில் கரைப்புதரையும் பொந்து மரங்களையும் வெட்டிக் காயப்போட்டுத் தீ வைத்திருந்தார். ஏலச்செடியில் தீ படவில்லை. பூத்துத்தான் இருந்தது. சரம் சரமாகத் தூக்கிப் பார்த்தேன். பூ உதிர்ந்த காம்புகளே இருந்தன, பிஞ்சைக் காணோம். ஒரு சிள்வண்டுச் சத்தம்கூட இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"மேல தேனீ இருக்கு, காய் பிடிச்சிருக்கு. கீழ தேனீயும் இல்ல, காயும் இல்ல. மேல்கரையத் தொட்டுறாதீங்க மாப்ளே."

வேலுச்சாமி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க பாத்தது சரிதான் மச்சான். கீழ்த்துண்டத் தின்னு முடிச்சுட்டு அம்புட்டுப் பூச்சியும் மேல ஏறிருச்சு. இப்படியே விட்டா அங்க உள்ள பிஞ்சையும் அழிச்சிரும்."

"தேனீ பூவைத் தின்னாது. உள்ள தலைய விட்டுத் தேனைத்தான் குடிக்கும்."

"பூவுக்குள்ள தலைய விட்டுக் குடிக்குதுன்னு நீங்கதான சொன்னீக?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பூவுக்குப் பூ மகரந்தத் தூளைக் கொண்டுபோவது தேனீதான், அதில்லாமல் காய் இல்லை என்றேன். அவர் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். "உங்களுக்குப் பூச்சின்னா பிரியம். எனக்கு வெள்ளாமை. கீழ தேவாரம் ஊர்ல வெட்டாளுக்குச் சொல்லியாச்சு. சாரல் வலுக்கிறதுக்குள்ள வெட்டிப் போட்டா மாசில கொளுத்திக்கலாம்." அந்த மரியாதைதான் எனக்கு அதிக ஆத்திரத்தைத் தந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அடுத்த நாள் மத்தியானம் புறப்பட்டேன். பாதை திரும்பும் இடம்வரை ரத்தினம் வந்தாள்.

"கேக்கலையேண்ணே."

"கேக்கல ஆத்தா."

"சரி, வெரசா இறங்கு. மழை வந்துரும்." அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, மேல்துண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போடிமெட்டைத் தாண்டி இறங்கும்போது கோடரியும் அரிவாளும் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் எதிரே ஏறி வந்தார்கள்.

"அய்யா, சிலமலை வேலுச்சாமி ஏலத்தோட்டத்துக்கு எந்தப் பாதைங்க?" என்றார் முன்னால் வந்தவர்.

மெட்டுக்கு மேலே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலதுபக்கம் திருப்பிவிட்டால் தோட்டமே கிடையாது, யானைக்காடு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்த மலையில் பகையாளி கேட்டாலும் வழியை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். நான் திரும்பி மெட்டுப் பக்கம் கை காட்டினேன்.

"இடதுபக்கம் போங்க. ஓடைச் சத்தம் கேக்கும், அதையே பிடிச்சுப் போனா தோட்டம்" என்றேன்.

"நல்லா இருப்பீக அய்யா" என்று சொல்லிவிட்டு அவர்கள் ஏறிப் போனார்கள்.